மாமரத்தடி நிழலில் பல்லாண்டுச் செடிகள்: சருகு சேர்ப்பதிலிருந்து குத்து பிரிப்பது வரை

வீட்டுத் தோட்டத்தில் ஒரு மாமரம் நிற்கும். அதனடியில் புல்கூட முளைக்காது. வருடத்துக்கு இரண்டு முறை நர்சரியில் எதையாவது வாங்கிவந்து நடுவோம், சித்திரைக்குள் காய்ந்துவிடும். "நிழல்ல ஒண்ணும் வராதுங்க" என்று முடிவு கட்டிவிடுவோம்.

கோவைக்கு மேற்கே எங்கள் வீட்டில் இரண்டு மாமரமும் ஒரு பலாவும் சேர்ந்து ஏறக்குறைய ஒன்றரை சென்ட் இடத்தை மூடியிருக்கின்றன. முதல் இரண்டு வருடம் நானும் அப்படித்தான் தோற்றேன். பிறகு வழிக்கு வந்தது. அதைப் பார்த்துத் தங்கள் வீட்டில் நட்ட நாலைந்து பேர், என் பழைய தவறுகளையே ஒன்றுவிடாமல் செய்ததையும் பார்த்தேன். அவர்கள் வாங்கிய செடிகள் சரியானவைதான். எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதில்தான் கோளாறு. அதனால் இதை வேலை வரிசையிலேயே எழுதுகிறேன்.

இங்கே பேசப்போகும் செடிகள் பெரிய மரங்களுக்குக் கீழே, சருகு மூடிய மண்ணில் வாழப் பழகியவை. ஒருமுறை நட்டால் பல வருடம் நிற்கும். இவற்றில் இரண்டு வகை உண்டு. அரத்தை, பெரணி போன்றவை வருடம் முழுக்கப் பச்சையாக இருக்கும். மஞ்சள், கச்சோலம் போன்றவை மார்கழி, தையில் மேலே மடிந்து, மண்ணுக்குள் கிழங்காக உறங்கி, கோடை மழைக்கு எழும். முதல் வகையைப் பசுமைச் செடி என்றும் இரண்டாவதை உறங்கும் செடி என்றும் சொல்லிக்கொண்டு போகிறேன். எங்கே நடுவது, எப்போது தண்ணீர் விடுவது என்பதெல்லாம் இந்தப் பிரிவை ஒட்டித்தான்.

1. வெயிலை இரண்டு முறை பாருங்கள்

நிழல் ஒரே இடத்தில் நிற்பதில்லை. கோவை ஏறக்குறைய 11 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 20-ஐ ஒட்டி நடுப்பகல் சூரியன் உச்சந்தலைக்கு வரும். அதன்பின் ஆகஸ்ட் 23, 24 வரை உச்சிக்கு வடக்கேதான் இருக்கும். மார்கழியில் தெற்கே 34 பாகை சாய்ந்திருக்கும். சென்னையிலும் இதே கதைதான், தேதி சில நாள் மாறும்.

இதன் விளைவு: வீட்டின் வடக்குச் சுவரோரம் மார்கழியில் குளுகுளுவென்று நிழலாக இருக்கும். அதே இடத்தில் வைகாசி, ஆனியில் உச்சி வெயில் இறங்கும். நண்பர் ஒருவர் பொங்கல் லீவில் இடம் பார்த்து, அந்த ஓரத்தில் வரிசையாகப் பெரணி வைத்தார். மே மாதம் போனபோது அப்பளம் மாதிரி நொறுங்கியது.

ஆகவே மார்கழியில் ஒருமுறை, வைகாசியில் ஒருமுறை பாருங்கள். நடுப்பகலில் தரையில் வெள்ளைத் தாள் ஒன்றைப் போட்டு, ஓரடி உயரத்தில் கையை நீட்டுங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெளிவாகத் தெரிந்தால் வெளிச்சம் அதிகம். மஞ்சளும் சேனையும் வரும். கை என்று தெரிகிறது, விளிம்பு மங்கல் என்றால் இந்தக் கட்டுரையில் உள்ள பெரும்பாலான செடிகளுக்கு அதுவே சரியான இடம். நிழலே விழவில்லை என்றால் கிளை கழிக்காமல் எதுவும் வைக்காதீர்கள். ஒருமுறைதான் பார்க்க முடியும் என்றால் வைகாசியைத் தேர்ந்தெடுங்கள். செடியைக் கொல்வது அந்த வெயில்தான்.

2. மரத்தின் வருடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

புதியவர்கள் யாரும் இதைப் பார்ப்பதில்லை. எனக்கும் ஒரு வருட மாங்காய் போன பிறகுதான் புரிந்தது.

மாமரம் தை, மாசியில் பூக்க வேண்டுமென்றால் அதற்கு முன் மண் காய வேண்டும். ஐப்பசி மழை ஓய்ந்தபின் கார்த்திகை, மார்கழியில் வேருக்குத் தொடர்ந்து தண்ணீர் கிடைத்தால் மரம் பூவை மறந்து தளிர்விடப் போய்விடும். ஒரு வருடம் பெரிய மரத்தடியில் பீஸ் லில்லி வைத்து, மார்கழி முழுக்க தினமும் ஓஸ் பைப்பைத் திறந்துவிட்டேன். பக்கத்து மரம் மொட்டும் பூவுமாக நிற்க, இது செக்கச்செவேலென்று தளிராக நின்றது. "செடிக்குத் தண்ணி ஊத்தி மரத்தக் கெடுத்துப்போட்ட" என்று அம்மா அந்தக் கோடை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மரம் தண்ணீர் வேண்டாம் என்று இருக்கும் மாதத்தில் அதன் கீழே உள்ள செடியும் தண்ணீர் கேட்கக் கூடாது. மஞ்சள் இனச் செடிகள் சரியாக அந்த மாதங்களில்தான் உறங்கப் போகின்றன. அதனால் மாமரத்தடியில் முக்கால் பங்கு உறங்கும் செடிகள், கால் பங்கு பசுமைச் செடிகள். அந்தக் கால் பங்கும் வெளி விளிம்பில். இப்படி வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்காது.

தென்னை வேறு கதை. நிழல் மெல்லியது, தண்ணீரும் வருடம் முழுக்கப் பாயும். பசுமைச் செடிகளை அங்கே தாராளமாக வைக்கலாம். வேம்பு மாசி, பங்குனியில் இலை உதிர்த்துத் துளிர்க்கும். வெயில் ஏறும் நேரத்தில் சில வாரம் கூரை இல்லாமல் போவதால் பெரணி அங்கே தாங்காது. புளி, யூகலிப்டஸ் அடியில் மண்ணோடு மல்லுக்கட்டாமல் தொட்டியில் வைத்துவிடுங்கள்.

3. கையில் இருக்க வேண்டியவை

கைக்கொத்து, சிறிய கடப்பாரை, கிளை வெட்டும் கத்தரி, பூவாளி, ரப்பர் கையுறை, முழங்கால் வரை மூடும் பூட்ஸ். வேப்பம் புண்ணாக்கு ஐந்து கிலோ. பழைய கோணிச் சாக்கு நாலைந்து. ஒரு அடி உயர மூங்கில் குச்சிகள், செடிக்கு ஒன்று வீதம்; எதற்கு என்று பின்னால் சொல்கிறேன். மம்பட்டி வேண்டாம். அதை எடுத்தாலே கை தானாக மொத்த இடத்தையும் கொத்தப் போய்விடும்.

4. ஆறு மாதம் முன்பே: சருகு மட்கு

நடவு வைகாசியில் என்றால் வேலை கார்த்திகையில் தொடங்குகிறது. காட்டில் யாரும் உரம் வைப்பதில்லை. விழுந்த இலைதான் உரமும் போர்வையும். நம் வீடுகளில் அதைத் தினமும் கூட்டிப் பெருக்கி, மூலையில் குவித்துத் தீ வைக்கிறோம். மரத்தடி மண் இறுகிப் பாறையாவதற்கு நிழலைவிட இந்தச் சீமாறுதான் காரணம்.

ஆனால் மாவிலையை அப்படியே விட்டாலும் தொல்லை உண்டு. தோல் மாதிரி தடித்த இலை, சீக்கிரம் மட்காது. முழு இலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஓடு வேய்ந்தது போலாகி, மழைத்தண்ணீர் மேலேயே வழுக்கி ஓடிவிடும். நல்ல மழை பெய்த மறுநாள் சருகை விலக்கிப் பார்த்தால் கீழே தூசி பறக்கும்.

கோழிவலையை மூன்றடி அகல வட்டமாக நிறுத்துங்கள். காய்ந்த மாவிலையைச் சாக்கில் கட்டிப் போட்டு ஏறி மிதியுங்கள், நொறுங்கிவிடும். (எங்கள் வீட்டில் இது பிள்ளைகள் வேலை, கூலி ஐஸ்கிரீம்.) அரையடி சருகு, அதன்மேல் ஒரு வாளி சாணிக் கரைசல், கொஞ்சம் புங்கன் அல்லது வேப்பந்தழை என்று அடுக்கிக்கொண்டே போங்கள். பிழிந்த துணி அளவுக்கு ஈரம் இருந்தால் போதும். மாதம் ஒருமுறை கிளறிவிடுங்கள். மூன்றடிக் குவியல் ஓரடிக்கு அமுங்கி, கறுப்பாக உதிர்ந்து, முதல் மழையில் மண் எழுப்பும் வாசம் வந்தால் தயார். ஐந்தாறு மாதம் ஆகும்.

கடையில் தேங்காய்நார்க் கழிவு வாங்கி ஈடுகட்டலாமே என்று கேட்பார்கள். ஈரம் பிடிக்கும், ஆனால் சத்து மிகக் குறைவு. மட்கோடு கொஞ்சம் கலக்கலாம், மட்குக்குப் பதிலாக ஆகாது.

5. செடித் தேர்வு

உறங்கும் செடிகளில் எனக்கு முதலிடம் கச்சோலம். இரண்டு மூன்று இலைகள் தரையோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். மழைக்காலக் காலையில் நடுவிலிருந்து ஊதாப் பொட்டு வைத்த வெள்ளைப் பூ எட்டிப் பார்க்கும். ஒரு சாண் இடைவெளியில் பத்துக் கிழங்கு வைத்தால் இரண்டு வருடத்தில் தரை தெரியாது.

மஞ்சள், கஸ்தூரி மஞ்சள், மாங்காய் இஞ்சி மூன்றும் ஒரே குடும்பம், ஒரே பராமரிப்பு. நிழலில் கிழங்கு மகசூல் குறையும். விற்க வேண்டியவர்கள் வெயிலில்தான் போட வேண்டும். வீட்டுத் தேவைக்கும் இலையின் அழகுக்கும் இது தாராளம். மழைக்காலத்தில் மஞ்சள் இலையில் வைத்துக் கொழுக்கட்டை வேக வைத்தால் அந்த மணத்துக்காகவே நட்டது சரி என்று தோன்றும். சாதா இஞ்சியை முதல் வருடம் தவிர்த்துவிடுங்கள். தண்ணீர் கொஞ்சம் தேங்கினாலும் அழுகல் நோய் பிடிக்கும்.

சேனை ஒரே ஒரு தண்டும் குடை போன்ற இலையுமாக எழும். நிழலைப் பொறுக்கும். ஃபுட்பால் லில்லி சித்திரை, வைகாசியில் இலைக்கு முன்பே சிவப்புப் பந்தாகப் பூக்கும். அது ஆப்பிரிக்கச் செடி. ஆனாலும் நம் மரத்தடிகளில் பல காலமாக இருப்பதுதான்.

பசுமைச் செடிகளில் அரத்தை உறுதியானது. ஆளுயரம் வரை குத்தாக எழும்பும், மூன்றடி இடம் விட வேண்டும். பெரணியில் வாள்போல் நீண்ட ஓலை கொண்ட சாதாரண வகையே போதும். மெல்லிய கறுப்புக் காம்பு கொண்ட மெய்டன்ஹேர் சமவெளிக் கோடையில் படாதபாடு படுத்தும். கிணற்றடியோ தொட்டிக்கரையோ இருந்தால் முயலலாம். வல்லாரையும் திப்பிலியும் ஈரம் விரும்பிகள், குழாயடிப் பக்கம் மட்டும்.

அடிமரத்தை ஒட்டிய வறண்ட நிழல்தான் இருப்பதிலேயே கடினமான இடம். அங்கே மருள் வையுங்கள். நர்சரியில் ஸ்நேக் பிளாண்ட் என்று விற்பதற்கு ஒன்றுவிட்ட சகோதரன். நம் ஊர் வறண்ட காட்டுச் செடி, தண்ணீர் இல்லாமலே நிற்கும். அதன் ஊடே நிலப்பனை. பனங்கன்று மாதிரி இலை, மண்ணோடு ஒட்டி மஞ்சள் நட்சத்திரப் பூ. ரொம்ப மெதுவாகத்தான் வளரும், அவசரப்படக் கூடாது.

ஹெலிகோனியா வேண்டுமென்றால் தனியாகக் கல் கட்டிய தொட்டியில். மண்ணில் விட்டால் மூன்று வருடத்தில் இடத்தை அது எடுத்துக்கொள்ளும்.

இரண்டு எச்சரிக்கை. அலோகேசியா, டைஃபன்பாக்கியா போன்றவற்றின் சாறு வாயில் பட்டால் நாக்கும் தொண்டையும் வீங்கும். சேம்பு மாதிரி இருக்கிறது என்று அலோகேசியாக் கிழங்கைச் சமைத்துவிடக் கூடாது. ஃபுட்பால் லில்லிக் கிழங்கும் விஷம். தவழும் குழந்தை உள்ள வீட்டில் இவற்றைத் தள்ளி வையுங்கள். அடுத்தது, நிலப்பனையோ காட்டு மஞ்சளோ மலைப்பக்கம் போனபோது கண்ணில் பட்டது என்று பிடுங்கி வராதீர்கள். காப்புக்காட்டிலிருந்து எடுப்பது 1882-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். அப்படிக் கொண்டுவந்த செடி பெரும்பாலும் பிழைப்பதும் இல்லை. மூலிகை நர்சரிகளில் கேட்டால் கிடைக்கும்.

வாங்கும்போது பெரிய தொட்டிச் செடிக்கு ஆசைப்படாதீர்கள். நாலங்குல கவர் செடிதான் மரவேர்களுக்கு நடுவே உள்ள சந்தில் நுழையும். ஒரு பெரிய செடியின் காசுக்கு ஐந்து சின்னச் செடி வரும், இரண்டாம் வருடம் உயரத்தில் வித்தியாசமும் தெரியாது.

6. கிளை கழித்தல்

நேரம் முக்கியம். மாங்காய் பறித்து முடித்த ஆடி, ஆவணியில் செய்யுங்கள். அடுத்த பூவுக்குள் மரம் தேறிவிடும். மார்கழியில் கத்தி வைத்தால் பூவையும் சேர்த்து வெட்டுகிறீர்கள். நட நினைக்கும் வைகாசிக்கு முந்தைய ஆடியிலேயே இது முடிந்திருக்க வேண்டும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

தரையிலிருந்து எட்டடிக்குக் கீழே தொங்கும் கிளைகள், உள்பக்கம் பின்னிக்கிடக்கும் குச்சிகள், காய்ந்தவை. இவ்வளவு போதும். பக்கவாட்டில் சாய்ந்து வரும் காலை வெயில்தான் நமக்கு வேண்டும், உச்சிக் கூரை அப்படியே இருக்கட்டும். மாம்பால் தோலில் பட்டால் புண்ணாகும், முழுக்கைச் சட்டை போடுங்கள். வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது) தடவுங்கள்.

7. குழி: கொத்தாதீர்கள், துளையிடுங்கள்

மொத்த இடத்தையும் கொத்திப் புரட்டிவிட்டு நடுவதுதான் நாம் பழகிய முறை. மரத்தடியில் அது இரட்டை நஷ்டம். மரத்துக்குச் சத்து உறிஞ்சும் மெல்லிய வேர்கள் மேல்மண்ணில்தான் பரவியிருக்கின்றன. அவற்றை அறுத்தால் மரம் வாடும். அறுத்த இடத்தில் பல மடங்கு புது வேர் விட்டு, நீங்கள் போட்ட மட்கையும் அதுவே தின்றுவிடும்.

அடிமரத்திலிருந்து நாலடி விட்டுத் தொடங்குங்கள் (மருள் மட்டும் இரண்டடி வரை நெருங்கலாம்). கைக்கொத்தால் ஒரு சாண் அகலம், ஒரு சாண் ஆழம் குழி எடுங்கள். கட்டைவிரலைவிடத் தடித்த வேர் தட்டுப்பட்டால் வெட்டாதீர்கள், குழியை மூடிவிட்டு அரையடி தள்ளிப் போங்கள். எனவே காகிதத்தில் கோடு போட்டுத் திட்டமிட்ட வரிசை நிற்காது. வேர் விட்ட இடம்தான் உங்கள் வரிசை.

குழியில் எடுத்த மண்ணில் பாதியோடு அதே அளவு சருகு மட்கும் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் கலந்து நிரப்புங்கள். களிமண் என்றால் கொஞ்சம் மணல்.

குழி எடுக்கச் சோம்பல்பட்டு, ஒரு லோடு செம்மண் அடித்து ஓரடி உயரம் பாத்தி கட்டினவர்களையும் பார்த்திருக்கிறேன். செடி அழகாகத்தான் வந்தது. மரத்தின் வேர் மூச்சுமுட்டி, இரண்டாம் வருடம் நுனிக்கிளைகள் காயத் தொடங்கின. வருடத்துக்கு இரண்டங்குலத்துக்கு மேல் எதையும் ஏற்றாதீர்கள். அடிமரத்தைச் சுற்றி அதுவும் கூடாது, பட்டை அழுகும்.

8. நடவு: இரண்டு தவணை

முதல் தவணை உறங்கும் செடிகள். கோடை மழை இரண்டு நல்லதாகப் பெய்தபின், வைகாசியில். அடுத்த தைக்குள் கிழங்கு பருக்க ஏழு மாதமாவது வேண்டும். ஆடிப்பெருக்குக்கு நடலாம் என்று தள்ளிப்போட்டால் கிழங்கு சுண்டைக்காயாக நின்று அடுத்த வருடம் எழாமலே போகலாம். இரண்டு கண் உள்ள துண்டாகப் பார்த்து, கண் மேல்நோக்க, இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் வையுங்கள். ஃபுட்பால் லில்லியின் கழுத்து மண் மட்டத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாம் தவணை பசுமைச் செடிகள். புரட்டாசிக் கடைசியில், வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன். கோடைக்குள் மூன்று நாலு குளிர்ந்த மாதம் வேர் பிடிக்கக் கிடைக்கும். சென்னை, டெல்டாப் பக்கம் ஐப்பசியில் தண்ணீர் தேங்கும் இடமென்றால் குழியை மட்டத்துக்கு ஓரங்குலம் மேடாக முடியுங்கள்.

நர்சரிச் செடியின் கவரைக் கிழித்ததும் உள்ளே பாருங்கள். வெறும் தேங்காய்நார்க் கட்டியாக இருந்தால் அப்படியே மண்ணில் வைக்காதீர்கள். அது ஒருமுறை காய்ந்தால் மறுபடி எளிதில் ஈரம் ஏறாது. சுற்றி மண் சொதசொதவென்று இருக்க, செடி தாகத்தில் சாகும். வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் அமிழ்த்தி, விரலால் நாரைப் பாதி உதறி, வேரை விரித்து நடுங்கள். பெரணியின் நடுக்குருத்து மண்ணுக்கு மேலே இருக்கட்டும், புதைந்தால் அழுகும்.

ஒவ்வொரு குழிக்கும் பக்கத்தில் அந்த மூங்கில் குச்சியை அடித்துவிடுங்கள். பெயிண்டில் பெயர் எழுதினால் இன்னும் நல்லது.

9. மூடாக்கு, பாம்பு பயம்

நட்ட அன்றே நொறுக்கிய சருகை மூன்று நாலு அங்குலம் பரப்புங்கள். தண்டைச் சுற்றி நாலு விரல் இடம் வெறுமையாக இருக்கட்டும். மட்கிக் குறையக் குறைய மேலே போட்டுக்கொண்டே இருப்பதுதான் இனி உங்கள் உர வேலை. ஆனியிலும் புரட்டாசியிலும் ஆளுக்கு ஒரு கைப்பிடி மட்கு கூடுதல். யூரியா வேண்டாம், இலை கொழகொழவென்று வளர்ந்து நத்தைக்கு விருந்தாகும்.

வேலைக்கு வரும் அக்காவிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் சொல்லாமல் விட்டு, ஒரு சாயங்காலம் திரும்பி வந்தபோது மொத்த மூடாக்கும் சுத்தமாகக் கூட்டப்பட்டு மூலையில் புகைந்துகொண்டிருந்தது. "இத்தனை குப்பை கெடந்துதுங்க, நல்லா கூட்டி உட்டுட்டேன்" என்றார் பெருமையாக. என்ன சொல்ல முடியும்.

பாம்பு வராதா என்று எல்லோரும் கேட்பார்கள். நியாயமான பயம். விரியன் சருகு நிறத்தில் சருகுக்குள் கிடக்கும். அதனால் வீட்டுச் சுவரிலிருந்து நாலடிக்குச் சருகே போடுவதில்லை. நடக்கும் பாதையில் கல் பதித்து, அதை மட்டும் தினமும் பெருக்குகிறோம். வெறுங்கையைச் சருகுக்குள் விடுவதில்லை. குச்சியால் தட்டி விலக்கிவிட்டுத்தான் கை. இரவில் டார்ச்சும் பூட்ஸும் இல்லாமல் இறங்குவதில்லை. இதையும் மீறிக் கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம், நேராக விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரி.

10. தண்ணீர்

தினமும் மேலாகத் தெளிப்பது வீண். அதை மரத்தின் மேல்வேர் குடித்துவிடும். சருகை விலக்கி விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விடுங்கள். ஈரம் தட்டினால் விட்டுவிடுங்கள். காய்ந்திருந்தால் செடிக்கு அரைப் பூவாளி, தூரில், மெதுவாக. பங்குனி, சித்திரையில் பசுமைச் செடிகளுக்கு வாரம் இரண்டு முறை வரும். உறங்கும் செடிகளுக்கு மழை இல்லாத ஆனி, ஆடி வாரங்களில் மட்டும்.

பெரணியின் ஓலை நுனி மட்டும் பழுப்பாகக் காய்ந்துவந்தால் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள். பல வீடுகளில் அது போர் தண்ணீரின் உப்பு. மழைநீர் பிடித்து வைத்து அதற்கு மட்டும் விட்டுப் பாருங்கள், புது ஓலை சுத்தமாக வரும்.

11. உறக்கத்தைக் கலைக்காதீர்கள்

கார்த்திகைக் கடைசியில் மஞ்சள் இலை ஓரம் பழுக்கத் தொடங்கும். கச்சோலம் ஒரே வாரத்தில் காணாமல் போகும். இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். செடி செத்துவிட்டது என்று முதலில் தண்ணீரைக் கூட்டுவார்கள், உறங்கும் கிழங்கு அழுகும். அல்லது இடம் காலி என்று கொத்தி வேறு செடி வைப்பார்கள். நானே தை மாதத்தில் ஒரு குரோட்டன்ஸுக்குக் குழி எடுக்கப் போய், கைக்கொத்தின் நுனியில் கச்சோலக் கிழங்கு இரண்டாகப் பிளந்து வந்தது. கற்பூரம் மாதிரி மணம் கிளம்பிய பிறகுதான் எங்கே வெட்டினேன் என்று தெரிந்தது. மூங்கில் குச்சி அதற்குத்தான்.

இலை பச்சையாக இருக்கும்போது வெட்டிச் சுத்தம் செய்யாதீர்கள். அதிலுள்ள சத்து கிழங்குக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது. முழுக்கக் காய்ந்து, இழுத்தால் கையோடு வரும்போது எடுத்து அங்கேயே போடுங்கள். அதன்பின் கோடை மழை வரை ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டாம். சித்திரை முடிந்தும் எழவில்லை என்று பதறாதீர்கள். எங்கள் வீட்டில் கச்சோலம் ஒரு வருடம் ஆனி பிறந்துதான் முளை காட்டியது.

12. நத்தையும் கரும்பூஞ்சையும்

மழைக்காலத்தில் பெரிய எதிரி ஆப்பிரிக்க ராட்சத நத்தை. இரவு எட்டு மணிக்கு மேல் டார்ச்சோடு போய்ப் பொறுக்குங்கள், கையுறை கட்டாயம். மனிதருக்கு ஆபத்தான புழு அதன் உடலில் இருக்கக்கூடும். ஈரச் சாக்கின் அடியில் பப்பாளி இலையை வைத்துவிட்டால் காலையில் மொத்தமாக அங்கே ஒளிந்திருக்கும். வாளியில் கரைத்த உப்புத்தண்ணீரில் போடுங்கள். மண்ணில் உப்புத் தூவினால் நத்தையோடு செடியும் போகும்.

மாம்பூக் காலத்தில் அரத்தை இலையெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டி, பிறகு கரி பூசியது போலாகும். நோய் அரத்தைக்கு இல்லை. மேலே பூவில் இருக்கும் தத்துப்பூச்சி கழிக்கும் இனிப்புக் கசிவு சொட்டி, அதில் பூஞ்சை படர்கிறது. ஈரத்துணியால் துடைத்தால் போதும். மரத்துக்குப் பூச்சிமருந்து அடித்தால் அது கீழேயும் சொட்டும் என்பதை நினைவில் வைத்து, வல்லாரை, மஞ்சள் இலை போன்றவற்றை மருந்து டப்பாவில் போட்டிருக்கும் இடைவெளி முடியும்வரை பறிக்காதீர்கள்.

13. மூன்றாம் வருடம்: குத்து பிரிப்பது

குத்தின் நடு வெறுமையாகி, விளிம்பில் மட்டும் முளை வருகிறது என்றால் பிரிக்கும் நேரம். அரத்தையைப் புரட்டாசி மழைக்கு முன் பிரியுங்கள். மொத்தக் குத்தையும் பெயர்க்க வேண்டாம். கடப்பாரையை ஓரமாக இறக்கி, மூன்று தண்டுள்ள துண்டாக நெம்பி எடுத்தால் மரவேர் தப்பிக்கும். உயரத்தில் பாதியை வெட்டிவிட்டு நடுங்கள், வேர் பிடிக்கும்வரை இலை தண்ணீரை இழுக்காது.

உறங்கும் கிழங்குகளை மாசியில், மண் காய்ந்திருக்கும்போது எடுங்கள். கழுவாதீர்கள். மண்ணை உதறி, வெட்டுவாயில் சாம்பல் தடவி, இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, காய்ந்த மணலில் புதைத்து வைத்தால் வைகாசி வரை கெடாது. பிளாஸ்டிக் டப்பாவில் மூடி வைத்த வருடம் எனக்கு எல்லாம் வியர்த்துப் பூசணம் பூத்தது.

நிலப்பனையைப் பிரிக்காதீர்கள், அது தானாகப் பக்கக் கன்று விட நாலைந்து வருடம் எடுத்துக்கொள்ளும். யாராவது கேட்டால் கச்சோலத்தைக் கொடுத்து அனுப்புங்கள், குச்சியோடு.